ஒற்றர் கதையும் கண்ணியமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருநெல்வேலியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. போர்க்கால நாவல்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஓர் ஆங்கில உளவு நாவல் கையில் கிடைத்தது. கதை 1943ல் நடக்கிறது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு வானொலி நிலையம். ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பிரான்சில் ஒளிந்திருக்கும் ஒற்றர்கள் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் செய்திகளை இரவெல்லாம் விழித்திருந்து கேட்டு எழுதும் இளம்பெண் ஒருத்திதான் கதாநாயகி. ஓர் இரவு, அவள் வழக்கமாகக் கேட்கும் ஒற்றனின் தட்டலில் ஏதோ மாறியிருப்பதாக அவளுக்குப் படுகிறது. செய்தியில் இருக்கவேண்டிய ஓர் அடையாளமும் இல்லை. மேலதிகாரிகள், 'தூக்கக் கலக்கம்' என்று அவளை ஒதுக்கிவிடுகிறார்கள். அவள் விடுவதாக இல்லை. கடைசியில் அவள் சொன்னதுதான் உண்மை என்று தெரிகிறது. ஆனால் அந்த ஒற்றன் திரும்பி வரவில்லை.

நாவலில் படுக்கையறைக் காட்சி ஒன்றுகூட இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. சித்திரவதையை வரிவரியாக விவரிக்கவில்லை. அவளுக்கும் ஒரு விமானப்படை வீரனுக்கும் காதல் உண்டு. அதுவும் சில கடிதங்களோடும் ஒரு ரயில் நிலையச் சந்திப்போடும் நின்றுவிடுகிறது. கீழே வைக்க மனமில்லாமல் வாசித்தேன். நெடுநாள் கழித்து ஒரு கதையை இப்படி அனுபவித்தேன்.

என் தம்பி நிறைய வாசிப்பவன். அவனிடம் சொன்னபோது, "அக்கா, இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகச் செய்த போர். உளவு என்றாலே பொய், துரோகம், உடம்பு, ரத்தம். அதையெல்லாம் துடைத்துவிட்டுக் கதை சொன்னால் அது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் ரசித்தது தவறா? என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கையில் இந்த நாவலைக் கொடுக்கலாமா?

முடிவைச் சொல்லிவிட்டதால், கடிதத்தை வெளியிடுவதானால் நாவலின் பெயரை நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
க., திருநெல்வேலி

*

அன்புள்ள க.,

நாவலின் பெயரை நீக்கிவிட்டேன். நானும் அதை வாசித்திருக்கிறேன். எனக்கும் பிடித்த நாவல்.

உங்கள் தம்பி சொன்னதில் ஒரு பாதி மிகச் சரி. அதற்குப் பிறகு வருகிறேன். மறு பாதியை மறுக்கவேண்டும். உளவு என்றாலே உடம்பும் ரத்தமும் என்கிற எண்ணம் வரலாற்றிலிருந்து வந்ததன்று. சினிமாவிலிருந்தும், பஸ் நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் அட்டைப் படங்களிலிருந்தும் நமக்குள் ஏறியது அது. இரண்டாம் உலகப்போரின் உளவு வேலையில் பெரும்பகுதி மேசை வேலை. கேட்பது, எழுதுவது, ஒப்பிட்டுப் பார்ப்பது, கோப்பில் சேர்ப்பது, காத்திருப்பது. அந்த மேசைகளைச் சுற்றி நடந்த சில விஷயங்களுக்கு நிகரான திகிலை எந்தத் துப்பாக்கிச் சண்டையிலும் நான் வாசித்ததில்லை.

நீங்கள் வாசித்த கதைக்கே நிஜத்தில் ஒரு வேர் இருக்கிறது. அது பிரான்சில் இல்லை, ஹாலந்தில் இருக்கிறது. எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பு, ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த நாடுகளுக்குள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த காலம். அந்த அமைப்பு அனுப்பிய ஹூப் லாவர்ஸ் என்ற டச்சு வானொலியாளர், அதாவது கருவியில் செய்தி தட்டும் ஒற்றர், 1942 மார்ச்சில் தி ஹேக் நகரத்தில் கருவியோடு பிடிபட்டார். ஜெர்மானிய உளவுத்துறை அவரைக் கொல்லவில்லை. உட்காரவைத்து, தாங்கள் சொல்கிறபடி லண்டனுக்குச் செய்தி அனுப்பச் சொன்னது. லாவர்ஸ் சம்மதித்தார். காரணம், அவரிடம் ஜெர்மானியருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஒற்றரும் தம் செய்தியில் முன்பே பேசிவைத்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்யவேண்டும். பிழை இருந்தால் ஆள் பத்திரம். பிழையில்லாமல் சுத்தமாக வந்தால் ஆள் எதிரியின் கையில். லாவர்ஸ் பிழையில்லாமல் அனுப்பினார். லண்டன் புரிந்துகொள்ளும் என்று நம்பினார்.

லண்டன் கவனிக்கவில்லை. அல்லது, கவனித்தவர்களின் பேச்சு எடுபடவில்லை. 'அடுத்த ஆளை அனுப்புகிறோம், வரவேற்கத் தயாராக இருங்கள்' என்று பதில் போனது. லாவர்ஸ் பதறிப்போய், செய்திகளின் நடுவே வரும் பொருளற்ற எழுத்துகளுக்குள் 'பிடிபட்டேன்' என்ற சொல்லையே ஒளித்துவைத்து அனுப்பிப் பார்த்தார். அதுவும் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. பாரசூட்டில் இறங்கியவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கீழே ஜெர்மானியர் காத்திருந்து பிடித்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மவுத்தவுசன் முகாமில் கொல்லப்பட்டார்கள்.

நீங்கள் கணக்கு ஆசிரியை. இந்தக் கதையின் கொடூரம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு தாளில் இருக்கவேண்டிய பிழை இல்லை. அவ்வளவுதான். ஒருவர் பென்சிலால் அந்த இடத்தைச் சுழித்து, மேலே அனுப்பி, மேலே இருப்பவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் பலர் உயிரோடு இருந்திருப்பார்கள். இதை எழுதுகிற நாவலாசிரியருக்கு வதைமுகாமின் உட்சுவரை வர்ணிக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அந்தத் தாளை வாசகர் கண்முன் வைத்தால் போதும். ஆனால் அந்தப் பிழை எதற்காக என்பதை முன்கூட்டியே வாசகருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருக்கவேண்டும். உங்கள் நாவல் அதைத்தான் செய்கிறது. முதல் ஐம்பது பக்கங்களில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. காதொலிக் கருவி, பென்சில், தேநீர், மோர்ஸ் பயிற்சி. பிறகு அந்த இரவு வரும்போது, அவளுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் எனக்கு உடம்பு சில்லிட்டது.

தட்டலில் மாற்றம் தெரிந்தது என்பதையும் கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். மோர்ஸ் விசையை அழுத்தும் கைக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒருவர் கோட்டை இழுப்பார். ஒருவர் புள்ளிகளைக் கொத்துவார். ஒருவர் குறிப்பிட்ட ஓர் எழுத்துக்கு முன்னால் இம்மியளவு தயங்குவார். படியேறும் காலடியை வைத்தே வருவது யார் என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவதைப்போல, மாதக்கணக்கில் கேட்ட பெண்களுக்கு அந்தக் கை தெரியும். முகம் பார்த்ததில்லை, நிஜப் பெயர் தெரியாது, குரல் கேட்டதில்லை; ஆனால் அந்த மனிதன் இன்றைக்குப் பயந்திருக்கிறான் என்பது தெரியும். ஒரு காதல் கதைக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் நாவலில் விமானப்படை வீரனோடு உள்ள காதலைவிட, முகமறியாத அந்த ஒற்றனோடு அவளுக்கு இருக்கும் உறவுதான் ஆழமானது என்பது என் எண்ணம். ஆசிரியர் அதற்குப் பெயர் வைக்காமல் விட்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சரி, அது துயரக் கதை. உளவில் வெறும் ஆனந்தமும் உண்டு. அதற்கு ஹுவான் புஜோல் கார்சியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. பார்சிலோனாக்காரர். ஹிட்லரை எதிர்க்க ஏதாவது செய்யவேண்டும் என்று 1941ல் மாட்ரிட்டில் பிரிட்டிஷ் தூதரகத்தின் கதவைத் தட்டினார். சேர்க்கவில்லை. உடனே ஜெர்மானியரிடம் போய், 'நான் உங்கள் விசுவாசி, லண்டனுக்குப் போய் உளவு பார்க்கிறேன்' என்றார். அவர்கள் நம்பிவிட்டார்கள். பணமும் கண்ணுக்குத் தெரியாத ரகசிய மையும் கொடுத்து அனுப்பினார்கள். புஜோல் லண்டனுக்குப் போகவில்லை. லிஸ்பன் நகரில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுலாக் கையேட்டையும் வரைபடத்தையும் நூலகத்துப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு, தாம் லண்டனில் இருப்பதாக ஜெர்மானியருக்கு அறிக்கை எழுதத் தொடங்கினார். பிரிட்டனில் அவர் காலே வைத்ததில்லை. கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்யக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதினார். அந்த ஊர்க்காரர்கள் ஒயின் குடிப்பவர்களா என்பது அவருக்குத் தெரியாது. பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கு அவருக்குப் பிடிபடவே இல்லை. அன்றைக்குப் பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே செலவுகளைத் தனித்தனியாக எழுதிவிட்டு, கூட்டுத்தொகை பின்னால் வரும் என்று விட்டுவிட்டார். இதை உங்கள் வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம்.

ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷாருக்கு, யாரோ ஒருவர் எதிரிக்கு அற்புதமான பொய்களை எழுதுகிறார் என்பது தெரியவந்தது. 1942 ஏப்ரலில் அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்தார்கள். கார்போ என்று சங்கேதப் பெயர் வைத்தார்கள். ஸ்பானிஷ் தெரிந்த டொமாஸ் ஹாரிஸ் என்ற அதிகாரியோடு சேர்ந்து அவர் இருபத்தேழு துணை ஒற்றர்களை உருவாக்கினார். ஒருவர்கூட உயிருள்ள ஆள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஊர், தொழில், சுபாவம், பண ஆசை, மனத்தாங்கல் எல்லாம் உண்டு. லிவர்பூலில் வைத்திருந்த கற்பனை ஒற்றர் ஒருவரால் ஒரு சிக்கல் வந்தது. வட ஆப்பிரிக்காவுக்குப் படையெடுக்கப்போகும் கப்பல்கள் அந்தத் துறைமுகத்தில் சேர்வதை அவர் பார்த்திருக்கவேண்டும்; பார்த்தும் சொல்லாவிட்டால் சந்தேகம் வரும். ஆகவே அவருக்கு நோய் வரவைத்தார்கள், சாகடித்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் விளம்பரமும் வெளியிட்டார்கள். ஜெர்மானியர் அந்தக் கற்பனை விதவைக்கு உதவித்தொகை கொடுக்கச் சம்மதித்தார்கள்.

ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவரை ஒருவர் அறியாதபடி மூன்று ஒற்றர்களை வைத்து, மூவர் சொல்லும் ஒத்திருந்தால் அதை நம்பலாம் என்கிறார். ஜெர்மானியரும் இதையேதான் செய்தார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ஒற்றர்களின் செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் ஒத்துப்போயின. எழுதிய கை ஒன்றாக இருந்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்! ஒரு மனிதரின் கற்பனை, ஒரு பேரரசின் ஒப்பீட்டு முறையையே தோற்கடித்தது.

1944 ஜூன் 6 அதிகாலையில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கவிருந்தன. கார்போவின் மீது ஜெர்மானியருக்கு இருந்த நம்பிக்கை குலையாமல் இருக்க, தடுக்க நேரமில்லாத அளவுக்குத் தாமதமாக, ஆனால் உண்மையான எச்சரிக்கை ஒன்றை அவர் அனுப்பவேண்டும் என்று திட்டம். அதிகாலை மூன்று மணிக்கு அழைத்தார்கள். மாட்ரிட்டில் இருந்த ஜெர்மானிய வானொலி நிலையத்தில் எடுக்க ஆள் இல்லை. காலை எட்டு மணிவரை இல்லை. பிறகு, இவ்வளவு முக்கியமான செய்திக்கு ஆளில்லாமல் வைத்திருக்கிறீர்களே என்று கார்போ ஜெர்மானியரைக் கடிந்து எழுதினார். அவர்கள் சமாதானப்படுத்தினார்கள். மூன்று நாள் கழித்து, 'நார்மண்டி வெறும் கண்கட்டு, பெரிய தாக்குதல் கலே பகுதியில்தான் வரும்' என்று நீண்ட செய்தி அனுப்பினார். அதையும் நம்பினார்கள். வராத படையை எதிர்பார்த்து ஜெர்மானியப் பிரிவுகள் கலேயில் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தன. அந்த ஆண்டு ஹிட்லரின் அரசு அவருக்கு இரும்புச் சிலுவை விருது வழங்கியது. பிரிட்டிஷ் அரசும் விருது வழங்கியது.

இந்தக் கதையில் எந்தக் காட்சியை நீங்கள் உங்கள் மகளிடம் மறைக்கவேண்டும்? ஒன்றுமில்லை. இதைவிடப் பெரிய விளைவை உண்டாக்கிய உளவுக் கதை எத்தனை இருக்கிறது? ஆகவே, கண்ணியமாக எழுதப்பட்ட உளவு நாவல் போரின் உண்மையிலிருந்து ஒதுங்கியது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பார்வைக்குப் படாமல் இருப்பது, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதிருப்பது, முகத்தில் காட்டாதிருப்பது, இவைதான் ஒற்றரின் தொழில். அந்தத் தொழிலைச் சொல்லும் உரைநடையும் அடக்கமாக இருப்பது அதற்கு மிகப் பொருத்தம். சத்தம் போடுகிற உரைநடை ஒற்றரையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காதலைப் பற்றியும் சொல்லவேண்டும். ரயில் நிலையத்தோடு காதல் முடிந்துவிடுவது சப்பென்று இருக்கிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். 1943ல் பிரிட்டிஷ் உளவுத்துறையே ஒரு காதல் கதை எழுதியது. நேச நாடுகள் சிசிலியில் இறங்கப்போகின்றன. கிரேக்கத்தில் இறங்கப்போவதாக எதிரியை நம்பவைக்கவேண்டும். ஒரு பிணத்துக்கு ராணுவ அதிகாரி உடை அணிவித்து, 'மேஜர் வில்லியம் மார்ட்டின்' என்று பெயரிட்டு, பொய்க் கடிதங்கள் கொண்ட பெட்டியை உடலோடு பிணைத்து, ஏப்ரல் 30 அன்று ஸ்பெயினின் வெல்வா கரையோரம் நீர்மூழ்கியிலிருந்து கடலில் விட்டார்கள். அந்த மேஜர் உயிரோடு வாழ்ந்தவர் என்று நம்பவைக்கவேண்டுமே, சட்டைப் பையில் என்ன வைப்பது? வருங்கால மனைவியின் புகைப்படம். அவள் எழுதிய இரண்டு கடிதங்கள். நிச்சயதார்த்த மோதிரத்துக்கான ரசீது. சேர்ந்து பார்த்த நாடகத்தின் டிக்கெட் துண்டுகள். கணக்கில் 79 பவுண்டு 19 ஷில்லிங் 2 பென்ஸ் கூடுதலாக எடுத்துவிட்டீர்கள் என்று வங்கி மேலாளர் எழுதிய கடிதம். மோதிரம் வாங்கியதால் வந்த கடன் என்று வாசிப்பவர் தாமே ஊகித்துக்கொள்ளவேண்டும்!

காதல் கடிதங்களை எழுதியவர் அதே உளவு அலுவலகத்தில் பணிபுரிந்த ஒரு பெண்மணி. புகைப்படத்தில் இருந்தவள் இன்னோர் ஊழியை. ஒரு ரசீது, இரண்டு டிக்கெட் துண்டு, ஒரு கடன். இதிலேயே முழுக் காதலும் வந்துவிட்டது. அதை எழுதியவர்களின் நோக்கம் எதிரி அதை நம்பவேண்டும் என்பது. நம்பப்பட்டது. நாவலாசிரியர்கள் இதை உட்கார்ந்து படிக்கவேண்டும். பாத்திரங்களின் காதலை நம்பவைக்கப் படுக்கையறை வரை போகிற பலருக்கு, பாத்திரத்தின் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் தெரியாது.

இப்போது உங்கள் தம்பி சொன்னதில் சரியான பாதிக்கு வருகிறேன். செத்தவர்களுக்கு அநியாயம் என்றார் அல்லவா? அந்த மேஜர் மார்ட்டினின் உடல் யாருடையது? கிளின்டுர் மைக்கேல் என்ற வேல்ஸ் நாட்டு ஏழை. வீடில்லாமல் லண்டனில் திரிந்தவர். எலி மருந்து தின்று 1943 ஜனவரியில் இறந்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. வெல்வாவில் உள்ள கல்லறையில் ஐம்பதாண்டுகளுக்கும் மேல் இல்லாத ஒருவரின் பெயர்தான் இருந்தது. 1998ல்தான் அவருடைய சொந்தப் பெயர் அதே கல்லில் பொறிக்கப்பட்டது. இந்தக் கதையை ஒரு சாமர்த்தியக் கதையாக மட்டும் சொல்லி, இந்த மனிதரைத் தாண்டிப் போய்விடும் நாவலை நான் கண்ணியமானது என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். அதில் ஒரு முத்தக்காட்சிகூட இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அது அநாகரிகமான நாவல்தான்.

எனக்கு வேண்டியது இதுதான்: காயத்தைக் காட்டாமல் விடலாம், காயம்பட்டவரை விட்டுவிடக் கூடாது. கண்ணியம் என்ற பெயரில் விற்கப்படும் போர்க்கால நாவல்களில் ஒரு வகை இருக்கிறது. அழகான தொப்பி, பழைய காலத்து ரயில், இரண்டு சங்கேதச் செய்தி, ஒரு துரோகி, கடைசியில் எல்லோரும் தேநீர் அருந்த வீடு திரும்புகிறார்கள். போர் அதில் வெறும் அலங்காரம். இவற்றில் இன்னொரு குறையையும் பார்த்திருக்கிறேன். 1943ல் இருக்கும் பாத்திரங்கள், போர் 1945ல் முடியும் என்பதும் தாங்கள் வெல்வோம் என்பதும் தெரிந்தவர்களைப்போலப் பேசுகிறார்கள். அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. தோற்றுவிடலாம் என்ற பயத்தோடுதான் அந்தப் பெண்கள் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பயம் பக்கத்தில் இல்லையென்றால், தேதிகளெல்லாம் சரியாக இருந்தும் அது வரலாற்று நாவல் ஆகாது. உங்கள் நாவல் இந்த இரண்டிலும் தேறிவிடுகிறது. ஒற்றன் திரும்பவில்லை. அவனை இழந்ததற்கு யார் பொறுப்பு என்பதையும் ஆசிரியர் மழுப்பவில்லை.

உங்கள் தம்பியிடம் நூர் இனாயத் கானைப் பற்றிச் சொல்லுங்கள். திப்பு சுல்தானின் வழிவந்தவர். தந்தை ஹஸ்ரத் இனாயத் கான் சூஃபி ஞானி, வீணை வாசித்தவர். 1914ல் மாஸ்கோவில் பிறந்து, பாரிஸுக்கு அருகே வளர்ந்தார் நூர். புத்த ஜாதகக் கதைகளில் இருபதைத் தேர்ந்து குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதி 1939ல் வெளியிட்டார். இரட்டை வேடம் போடுவது தமக்குப் பிடிக்காது என்று அவரே சொன்னதாக அவருடைய ஒற்றர் பயிற்சிக் குறிப்பு ஒன்றில் இருக்கிறது. அப்படிப்பட்டவரைத்தான் 1943 ஜூனில் வானொலிக் கருவியோடு பாரிஸுக்கு அனுப்பினார்கள். பிரான்சுக்குள் அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலியாளர் அவர்.

போன சில நாட்களிலேயே அவர் சேர்ந்த குழு சிதறியது, ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். திரும்பி வந்துவிடச் சொன்னார்கள். அவர் வர மறுத்து, லண்டனோடு தொடர்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். கருவி ஒரு சூட்கேஸுக்குள் இருக்கும், தூக்கினால் பதினைந்து கிலோ அளவுக்குக் கனக்கும். நீண்ட கம்பியை எங்காவது கட்டவேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் தட்டினால், தெருவில் சுற்றும் ஜெர்மானிய வண்டிகள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். சில நேரம் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். எங்கே நிறுத்தியதும் தட்டல் அறுந்துபோகிறதோ அங்கே தேடல் தொடங்கும். அக்டோபரில், காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். தப்பிக்க முயன்றார், மீண்டும் பிடித்தார்கள். ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் பத்து மாதம் கைகால்களில் சங்கிலியோடு தனியறையில் அடைத்துவைத்தார்கள். உணவுக் கிண்ணத்தின் அடிப்புறத்தில் கீறி எழுதி, அடுத்த அறைகளில் இருந்தவர்களோடு பேசினார். அவர் அங்கே இருந்தது வெளியுலகுக்குத் தெரிந்ததில் அந்தக் கிண்ணங்களுக்கும் பங்கு உண்டு. 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் மற்ற மூன்று பெண்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது.

இதை எழுதும்போது அவரை என்னென்ன செய்தார்கள் என்று விவரிக்க எனக்குத் தோன்றவில்லை. கிண்ணத்தைச் சொன்னேன். அது போதும் என்றே நம்புகிறேன். உங்கள் தம்பி ஒருவேளை போதாது என்பார். முழுக் கொடுமையையும் நேரே எழுதுகிற பெரிய நாவல்கள் உண்டு, அவற்றையும் மதிக்கிறேன். முகாமிலிருந்து மீண்டவர்கள் எழுதும்போது யாரும் அவர்களிடம் அடக்கம் கேட்கக் கூடாது. ஆனால் அங்கே இல்லாத ஒருவர், எண்பதாண்டு கழித்து, ஒரு பெண்ணின் வேதனையை விறுவிறுப்புக்காகப் பக்கம் பக்கமாக விரிக்கும்போது எனக்கு வாசிக்கக் கூசுகிறது.

இன்னொன்றையும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். ஒற்றர் யாருடைய ஆள் என்பதைப் பொறுத்தே அவர் வீரரா துரோகியா என்று கதை தீர்மானிக்கிறது. வக்கம் அப்துல் காதர் திருவிதாங்கூர் இளைஞர். மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். பினாங்கில் இந்திய விடுதலை இயக்கத்தின் ஒற்றர் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபார் கடற்கரையில் தானூரில் இறங்கினார். உடனே பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் மூன்று தோழர்களோடு தூக்கிலிடப்பட்டார். முந்தைய இரவு தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் ஆவணத்தில் அவர் எதிரியின் ஒற்றர், நமக்குத் தியாகி. நூரை அனுப்பிய அதே அரசுதான் காதரைத் தூக்கிலிட்டது. நூர் பாரிஸில் ஒளிந்து ஒளிந்து தட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில். இந்த இருவரையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவரும் துணிச்சல் உள்ள ஒருவர் எழுதினால், முதல் பிரதியை நான் வாங்குவேன். அதைக் கண்ணியமாகவும் எழுதமுடியும். தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்று போதும், தூக்குமேடை வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்கு அந்த நாவலைக் கொடுங்கள். தயங்கவேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அதில் புரியாதது எதுவுமில்லை. மோர்ஸ் பகுதிகளில் நம்மைவிட அவளுக்கு ஆர்வம் அதிகம் இருக்கலாம். வாசித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாதீர்கள். முடித்ததும் ஹாலந்தில் நடந்ததைச் சொல்லி, லண்டன் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு நூரைப் பற்றிச் சொல்லுங்கள். டாஹாவையும் சேர்த்தே சொல்லுங்கள். பதினான்கு வயதில் அதைக் கேட்டுத் தாங்கிக்கொள்ள முடியும். நம் பிள்ளைகள் அதைவிட மோசமானதைத் தினமும் கைபேசியில், எந்தப் பெயரும் எந்தக் காரணமும் இல்லாமல் பார்க்கிறார்கள்.

தம்பியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் மறுத்து எழுதினால் எனக்கு அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.

அன்புடன்.